பிள்ளைக்குச் சிரங்கா? மூலையில் உட்கார வைக்காதீர்கள். வீடே மருந்து பூசுங்கள்!

ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கிறது அந்தச் சத்தம். "வறக்... வறக்..."

பாயில் படுத்திருக்கும் பையன் விரல் இடுக்கைச் சொறிகிறான். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் தங்கச்சியும் இடுப்பைச் சொறிகிறாள்.

"கொசுவாடா கடிக்குது?" என்று அம்மா தூக்கக் கலக்கத்தில் கேட்கிறாள். கொசுவத்தி எரிகிறது. மின்விசிறி ஓடுகிறது. ஆனாலும் சொறி நிற்கவில்லை.

அது கொசு அல்ல. சிரங்கு!

சென்னையில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. குடிசையிலும் உண்டு. மாடி வீட்டிலும் உண்டு. ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை.

"சொன்னா அசிங்கம்" என்று அம்மா நினைக்கிறாள். "பள்ளிக்கூடத்திலே தெரிஞ்சா சேர்த்து உட்கார வைக்க மாட்டாங்க" என்று அப்பா பயப்படுகிறார். பையனுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புகிறார்கள்.

அந்த முழுக்கைச் சட்டைக்குள் சிரங்கு சுகமாக வளர்கிறது. ஒரு மாதத்தில் வீடு முழுவதும் சொறிகிறது. இரண்டு மாதத்தில் பக்கத்து வீடும் சொறிகிறது.

சிரங்கைப் பரப்புவதில் பூச்சிக்குச் சமமான பங்கு வெட்கத்துக்கும் உண்டு!

அழுக்கினால் வருவதா?

இல்லை. இதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

சிரங்கு ஒரு பூச்சியால் வருகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. அதன் நீளம் அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. பெண் பூச்சி மனிதனின் மேல்தோலைக் குடைந்து உள்ளே போகும். எலி வளை தோண்டுவது போல தோலுக்குள் வளை தோண்டும். அந்த வளையிலேயே தங்கி, தினம் 2, 3 முட்டை இடும். 3, 4 நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும். இரண்டு வாரத்துக்குள் அதுவும் பெரிய பூச்சியாகி விடும்.

பூச்சி தோலுக்கு உள்ளே இருப்பதால், தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அது போகாது. தினமும் தலைக்குக் குளிக்கிற வீட்டிலும் வரும். பணக்கார வீட்டிலும் வரும். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கிற இடத்தில் வேகமாகப் பரவும். அதனால்தான் அதற்கு "ஏழை வியாதி" என்று பெயர் வந்தது.

இந்தப் பூச்சிதான் காரணம் என்று 1687-ம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன் கோசிமோ பொனொமோ என்பவர் எழுதி வைத்து விட்டார். பூதக் கண்ணாடியில் பார்த்து அந்தப் பூச்சியைப் படமும் போட்டுக் காட்டினார். 300 ஆண்டுக்கு மேல் ஆகியும் "பிள்ளை சுத்தமாக இல்லை, அதனால்தான் வந்தது" என்று இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எந்த நேரத்திலும் உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் சிரங்கு இருக்கிறது. கவனிக்கப்படாமல் விடப்பட்ட வெப்ப நாட்டு நோய்களின் பட்டியலில் 2017-ம் ஆண்டு சிரங்கையும் அந்த நிறுவனம் சேர்த்தது.

எங்கே பார்க்க வேண்டும்?

விரல் இடுக்கு. மணிக்கட்டு. முழங்கை. அக்குள். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டும் இடம். தொப்புளைச் சுற்றி. பிட்டம். ஆண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பிலும் சின்னச் சின்ன முடிச்சுப் போல வரும்.

கைக் குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்திலும் வரலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்துக்கு மேலே வராது.

சிவப்புப் பொரியாக இருக்கும். உற்றுப் பார்த்தால் சில இடத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய வளைவுக் கோடு தெரியும். அதுதான் பூச்சி தோண்டிய வளை.

இரண்டு அடையாளத்தை மறக்க வேண்டாம். ஒன்று, ராத்திரியில் அரிப்பு அதிகமாகும். இரண்டு, வீட்டில் ஒருவருக்கு மேல் சொறிவார்கள். இரண்டும் சேர்ந்தால் சிரங்காக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு மாதம் ஒளிந்திருக்கும்!

பூச்சி உடம்பில் ஏறிய அன்றே அரிக்காது. இங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு அரிப்புத் தொடங்க 2 வாரம் முதல் 6 வாரம் வரை ஆகும். பூச்சி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவை உடம்புக்கு ஒத்துக் கொள்ளாமல் போவதால் வருவதுதான் அரிப்பு. அந்த ஒவ்வாமை ஏற்பட அத்தனை நாள் பிடிக்கிறது. ஏற்கெனவே வந்தவர்களுக்கு மறுபடியும் வந்தால் 1 நாள் முதல் 4 நாளுக்குள் அரிப்புக் கண்டு விடும்.

அரிப்பு இல்லாத அந்த ஒரு மாதத்திலும் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய பையன் இன்று சொறிகிறான். அவனுக்குப் பூச்சி ஏறி ஒரு மாதம் ஆகியிருக்கலாம். அந்த ஒரு மாதமும் தங்கச்சி அவன் பக்கத்தில்தான் படுத்தாள். அம்மா மடியில் போட்டுத் தட்டினாள். பாட்டி கையைப் பிடித்துக் கொண்டு கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

ஆகையால் அவனுக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பிரயோசனம்? அவன் உடம்பில் பூச்சி செத்துப் போகும். ஒரு வாரத்தில் தங்கச்சியிடமிருந்து திரும்ப ஏறிக் கொள்ளும்.

"மூணு தடவை மருந்து போட்டாச்சு, திரும்பத் திரும்ப வருது. மருந்தே சரியில்லை" என்று பல பேர் மருந்தைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் மருந்து மேல் தவறு இல்லை. மருந்து பூசிக் கொள்ளாத மற்றவர்களிடமிருந்துதான் பூச்சி திரும்ப வருகிறது.

எப்படி ஒட்டுகிறது?

தோலோடு தோல் சேர்ந்து கொஞ்ச நேரம் இருந்தால் ஒட்டும். ஒரே பாயில் படுப்பது, கட்டிப் பிடித்துத் தூங்குவது, குழந்தையை இடுப்பில் வெகு நேரம் வைத்திருப்பது, கை கோத்துக் கொண்டு விளையாடுவது, இவைதான் முக்கியமான வழிகள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டுமா? ஒரு நொடி கை பட்டால் ஒட்டுமா? சாதாரணமாக ஒட்டாது. இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. குதிக்கவும் தெரியாது. தோலில் மெதுவாக ஊர்ந்துதான் போகும்.

துணி, படுக்கை வழியாகவும் பரவலாம். ஆனால் அது குறைவு. 2-ம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் சிலர் தாங்களாக முன்வந்தார்கள். சிரங்கு வந்த ராணுவ வீரர்களின் உள்ளாடைகளையும் கம்பளிகளையும் வெளுக்காமலே அவர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் ஒட்டியது. சிரங்கு உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் நன்றாக ஒட்டியது.

மனித உடம்பை விட்டு விழுந்த பூச்சி 2, 3 நாளில் செத்துப் போகும். ஆகவே வீட்டுச் சுவருக்கெல்லாம் பூச்சி மருந்து அடிக்க வேண்டியதில்லை. அந்த மருந்து குழந்தையின் மூச்சுக்குத்தான் கெடுதல்.

தெரு நாயிடமிருந்தும் இந்தச் சிரங்கு வராது. நாய்ச் சொறிப் பூச்சி வேறு ஜாதி. அது மனிதனைக் கடித்து இரண்டொரு நாள் அரிக்க வைக்கும். மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது.

செய்யக் கூடாத 3 காரியங்கள்

ஒன்று: மருந்துக் கடையில் போய், "அரிப்புக்கு ஏதாச்சும் ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்கக் கூடாது.

அப்படிக் கொடுக்கிற ட்யூப்பில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய ராத்திரியே அரிப்புக் குறையும். "ஆகா, நல்ல மருந்து" என்று நினைப்போம். ஆனால் உள்ளே பூச்சி சாகாது. அரிப்புத்தான் அடங்கும். சிரங்கின் உருவமே மாறிப் போய், பிறகு டாக்டர் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். படர்தாமரைக்கு இதைப் பூசினாலும் இதே கதைதான். நாள் கணக்கில் பூசினால் குழந்தையின் தோல் மெலிந்து, கோடு விழுந்து விடும். இந்தியாவில் 2018-ம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டு வந்ததற்குக் காரணம் இந்தத் தொல்லைதான்.

இரண்டு: மண்ணெண்ணெய், பினாயில், பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இவற்றைப் பிள்ளை உடம்பில் தேய்க்கக் கூடாது. தோல் வெந்து புண்ணாகும். மண்ணெண்ணெய் நெடி குழந்தையின் நுரையீரலைப் பாதிக்கும்.

வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து உள்ள பழக்கம். வேப்பிலைத் தண்ணீரில் குளித்தால் உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி, பூச்சியைக் கொல்லும் மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது. புண்ணில் இலையை அரைத்துத் தேய்த்தால் எரிச்சல்தான் அதிகமாகும்.

மூன்று: பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி மூலை என்று ஒதுக்கி வைக்கக் கூடாது. தட்டில், டம்ளரில் சிரங்கு பரவாது. ஒரு மாதமாக ஒன்றாகப் படுத்து எழுந்த பிறகு இன்று மூலையில் உட்கார வைத்து என்ன ஆகப் போகிறது? "எனக்கு என்னமோ கெட்ட வியாதி" என்ற நினைப்புத்தான் அந்தக் குழந்தை மனசில் பதியும். சிரங்கு மாறிப் போகும். அந்த நினைப்பு மாறாது.

சனிக்கிழமை ராத்திரித் திட்டம்

அப்படியானால் என்னதான் செய்வது?

டாக்டர்கள் வழக்கமாக எழுதிக் கொடுப்பது பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். 2 மாதக் குழந்தை முதல் பெரியவர்கள் வரை பூசலாம். கர்ப்பிணிகளும், 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்களும் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக் கொள்ள வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்குக் கந்தகக் களிம்பு கொடுப்பதும் உண்டு. ஐவர்மெக்டின் என்ற மாத்திரையும் இருக்கிறது. 15 கிலோ எடைக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. ஆகவே அதை நாமாக வாங்கிப் போடக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது, "வீட்டிலே நாங்க 6 பேர்" என்று மறக்காமல் சொல்லுங்கள். 6 பேருக்கும் போதுமான மருந்து வாங்க வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று ஏறக்குறையத் தேவைப்படும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரே ட்யூப்பை 6 பேர் தொட்டு வைத்துக் கொண்டால் ஒருவருக்கும் குணமாகாது.

ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம் போகிற வீட்டுக்குச் சனிக்கிழமை ராத்திரி சௌகரியம்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் நகம் வெட்டுங்கள். குளித்து, உடம்பைத் துடைத்து, ஈரம் உலரட்டும். வெந்நீரில் குளித்த சூட்டோடு மருந்து பூச வேண்டாம்.

சாப்பாடு முடிந்து 9 மணிக்குப் பூசத் தொடங்குங்கள். அரிக்கிற இடத்தில் மட்டும் அல்ல. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, ஒரு இடம் விடாமல். விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புள், அக்குள், தொடை இடுக்கு, பிட்டத்து இடுக்கு, கால் விரல் இடுக்கு, முதுகு. முதுகுக்கு ஒருவருக்கொருவர் பூசி விடுங்கள். கைக் குழந்தைகளுக்குத் தலை, நெற்றி, காதுக்குப் பின்னாலும் பூச வேண்டும். கண், வாய்ப் பக்கம் படக் கூடாது. விரல் சப்பும் குழந்தையாக இருந்தால் கையில் சாக்ஸ் மாட்டி விடுங்கள்.

அரிப்பு உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் பூச வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்குப் பூசணும்?" என்று வீட்டுக்கு வீடு ஒருவர் கேட்பார். பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருக்கும்! அவரையும் விடக் கூடாது.

8 மணி முதல் 14 மணி நேரம் வரை மருந்து உடம்பில் இருக்க வேண்டும். 9 மணிக்குப் பூசினால் காலை 7 மணிக்குக் குளிக்கலாம். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடியும் பூசுங்கள். பால் கொடுக்கும் தாய் மார்பில் உள்ள மருந்தைக் கழுவி விட்டுப் பால் கொடுத்து, பிறகு திரும்பப் பூசிக் கொள்ளலாம்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி இதையே மறுபடியும் செய்ய வேண்டும். முதல் தடவைக்குத் தப்பித்த முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். அவற்றைக் கொல்லத்தான் இரண்டாம் தடவை. "முதல் தடவையிலேயே நின்னு போச்சே" என்று இதை விட்டு விடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள்.

துணிக்கு எவ்வளவு தண்ணீர்?

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் வீட்டுத் துணி முழுவதையும் எப்படித் துவைப்பது? வேண்டியதே இல்லை.

கடைசி 3 நாளில் உடுத்திய துணி, போர்த்திய போர்வை, தலையணை உறை, துண்டு இவை போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் குளித்து மாற்றுத் துணி உடுத்திய பிறகு, இவற்றை நல்ல வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு 10 நிமிடம் பட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். இஸ்திரி போட்டாலும் நல்லதுதான்.

கம்பளி, பொம்மை, பள்ளிக்கூடப் பை போலத் துவைக்க முடியாதவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சி பட்டினியால் செத்துப் போகும். பாய், மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் போதும்.

பூசியும் அரிக்கிறதே!

ஆமாம், அரிக்கும். பூச்சி செத்த பிறகும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள் கொஞ்ச நாள் கிடக்கும். அதனால் 2 வாரம் முதல் 4 வாரம் வரை அரிப்பு இருக்கலாம். பயந்து போய்த் தினமும் மருந்து பூசக் கூடாது. தோல் காய்ந்து எரிச்சல் எடுத்து அரிப்பு இன்னும் கூடும். அரிப்புக்கு டாக்டர் தனி மருந்து கொடுப்பார்.

4 வாரம் கழித்தும் அரித்தாலோ, புதிதாகப் பொரி கிளம்பினாலோ திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாமா?

தாராளமாகப் போகலாம்!

முதல் தடவை மருந்து பூசிக் குளித்த மறுநாளே பிள்ளை வகுப்புக்குப் போகலாம். இரண்டாம் தடவை வரைக்கும் வீட்டில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உடம்பில் பொரி தெரிகிறதே என்று திருப்பி அனுப்பவும் தேவையில்லை. பொரி மறைய நாளாகும். ஒட்டுவது அதற்கு முன்னாலேயே நின்று விடும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் வகுப்பில் வேறு பிள்ளைக்கு இருக்கும் சிரங்கு உங்கள் பிள்ளைக்கே திரும்ப வரும்.

டீச்சரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். "டீச்சர், பையனுக்குச் சிரங்கு வந்துச்சு. வீட்டிலே எல்லாரும் மருந்து போட்டாச்சு. டாக்டர் பள்ளிக்கூடம் அனுப்பலாம்னு சொல்லிட்டார். மத்த பிள்ளைங்களையும் ஒரு பார்வை பார்த்துக்கங்க" என்று சொன்னால் போதும். டாக்டர் சீட்டு இருந்தால் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோர் முன்னாலும், "டேய், நீ கடைசி பெஞ்சுக்குப் போ" என்று சொல்லி விடாதீர்கள். அன்று முதல் அவனுக்குப் பட்டப் பெயர்தான். அதைப் பார்க்கிற மற்றப் பிள்ளைகள் தங்கள் சொறியை மறைப்பார்கள். அப்புறம் வகுப்பு முழுவதும் பரவும்.

பெயர் சொல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு சீட்டு அனுப்பலாம்: "வகுப்பில் சில குழந்தைகளுக்கு அரிப்பு, சிரங்கு காணப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு விரல் இடுக்கில் பொரியோ, ராத்திரியில் அரிப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டி, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவும். மருந்து பூசிய மறுநாள் பிள்ளையை அனுப்பலாம்." இவ்வளவுதான்.

அங்கன்வாடி, குழந்தைகள் காப்பகம், மாணவர் விடுதி இங்கெல்லாம் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள். பாய்க்கும் பாய்க்கும் இடைவெளி விட வேண்டும். ஒருவர் போர்வையை ஒருவர் மாற்றிப் போர்த்தக் கூடாது. ஒரு பிள்ளைக்கு வந்தால், அந்த அறையில் படுக்கும் எல்லோரையும், பார்த்துக் கொள்ளும் ஆயாவையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்வது?

ஒரே வாசல், ஒரே குழாயடி என்று இருக்கும் ஒண்டுக் குடித்தனங்களில் இதுதான் பெரிய பிரச்சினை. "அக்கா, உங்க பிள்ளையை எங்க வீட்டுப் பக்கம் அனுப்பாதீங்க" என்று யாராவது சொல்லி விட்டால் 10 வருடச் சினேகிதம் முறிந்து போகும்.

முந்திக் கொண்டு நாமே சொல்லி விடுவதுதான் நல்லது. "அக்கா, எங்க சின்னவனுக்குச் சிரங்கு. ஆஸ்பத்திரியிலே காட்டிட்டோம். சனிக்கிழமை ராத்திரி நாங்க எல்லாரும் மருந்து பூசறோம். உங்க பொண்ணும் இவனும் மத்தியானம் ஒண்ணாத்தானே தூங்குதுங்க? நீங்களும் காட்டி அன்னைக்கே பூசிட்டா ஒரே முட்டா போயிடும்."

இப்படிச் சொன்னால் கோபம் வராது. "நம்ம பிள்ளைக்கும் நல்லதுக்குத்தானே சொல்றா" என்றுதான் நினைப்பார்கள்.

லீவுக்கு வந்து தங்கிப் போன அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒன்றாகப் படுத்தவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, பாட்டியையும் மறக்க வேண்டாம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் ஒரு வகைச் சிரங்கு வரும். சாதாரணச் சிரங்கில் ஒரு ஆள் உடம்பில் 10, 15 பூச்சிதான் இருக்கும். இந்த வகையில் ஆயிரக் கணக்கில், லட்சக் கணக்கில் இருக்கும். அவருக்கு அரிப்புக் குறைவாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்கே பூச்சி அவரிடமிருந்து வரும்.

ஒரு தீவு காட்டிய வழி

"எல்லோரும் ஒன்றாக மருந்து எடுத்தால்தான் போகும்" என்பதற்குக் கண்கூடான சாட்சி பிஜி நாடு.

அங்கே சில தீவுகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதன் முடிவு 2015-ம் ஆண்டு வெளியானது. ஒரு பகுதியில் சிரங்கு உள்ளவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் கிரீம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அங்கே சிரங்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இன்னொரு பகுதியில் சிரங்கு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊருக்கே ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடக் கூடாதவர்களுக்குக் கிரீம். அங்கே 100 பேரில் 32 பேருக்கு இருந்த சிரங்கு, ஒரு வருடத்தில் 100 பேரில் 2 பேருக்கு என்று இறங்கியது!

ஒரு தீவுக்குப் பொருந்துவது ஒரு வீட்டுக்கும் பொருந்தும்.

அலட்சியம் கூடாது: சிறுநீரகம் கெடும்!

"சொறிதானே, தானாப் போயிடும்" என்று விடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சொறிந்து சொறிந்து தோல் பிளந்தால், அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். சீழ் வைக்கும். மஞ்சள் பொருக்குத் தட்டும். அந்தக் கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒன்று. தோல் புண் ஆறி சில வாரம் கழித்துக் கூட அது சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கலாம்.

காலையில் எழுந்ததும் பிள்ளையின் முகம், கண் இமை வீங்கியிருக்கிறதா? சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறதா? அளவு குறைந்து விட்டதா? ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சிரங்கோடு காய்ச்சல், பரவுகிற சிவப்பு, வீக்கம், சீழ் இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

எல்லாமே சிரங்கு அல்ல

வேறு தோல் வியாதிகளும் பிள்ளைகளிடம் பரவும். பள்ளிக்கூடம் அனுப்பும் விதி ஒவ்வொன்றுக்கும் வேறு.

மூக்கைச் சுற்றி, வாயைச் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் புண்: இது கிருமிப் புண். டாக்டர் கொடுத்த மருந்தைத் தொடங்கி ஒரு நாள் முழுதாக ஆன பிறகு அனுப்பலாம். துண்டு தனியாக இருக்க வேண்டும்.

படர்தாமரை: வட்டமாக, ஓரம் தடித்துப் பரவும். மருந்து தொடங்கி விட்டால் அனுப்பலாம். அந்த இடத்தைத் துணியால் மூடி அனுப்புங்கள். சீப்பு, துண்டு, தொப்பியை மாற்றிப் போட்டுக் கொள்ளக் கூடாது.

முத்து போன்ற, நடுவில் சின்னக் குழி விழுந்த பருக்கள்: இது ஒரு வைரஸ். பல மாதம் இருந்து தானாகவே மறையும். இதற்காகப் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். கிள்ளாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

சின்னம்மை: காய்ச்சலோடு நீர்க் கொப்புளம் வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வேர்க்குருவும் கரப்பானும் ஒட்டவே ஒட்டாது. அவற்றுக்காக யாரையும் ஒதுக்குவது பாவம்.

எங்கே போவது?

எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டலாம். ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். காலையிலேயே போய் விடுங்கள். சொறிகிற எல்லோரையும் கூட்டிப் போங்கள். வர முடியாதவர்களின் வயதையும், பிள்ளைகளின் எடையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

சிரங்கு வந்த பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் தூங்கினான், அவ்வளவுதான்.

ராத்திரியில் வீட்டில் சொறி சத்தம் கேட்டால் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையில் டாக்டர். சனிக்கிழமை ராத்திரி வீடு முழுவதும் மருந்து. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மருந்து.

நடுவில் வரும் திங்கட்கிழமை பையனுக்கு அரைக்கைச் சட்டையே போட்டு அனுப்புங்கள்!